ஒன்பதாம் பிரிவுக்கு மட்டும் கையெழுத்தில்லை

நான் மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவள். ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் பதினோரு வருடம் வாடகை வீட்டில் இருந்தும் நியூசிலாந்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஒத்துக்கொள்ளாது. இதை எடுத்தால் என் சிவப்பு பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்கு மனம் வரவில்லை. அவ்வளவு விசுவாசம். இப்போது நினைத்தால் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

எனக்கும் என் அண்ணனுக்கும் ஒரே வருடத்தில், இதே ஆக்லாந்தில், பெண் குழந்தைகள் பிறந்தன. அம்மா இறந்தபின் அப்பா கிள்ளானில் தனியாக இருந்தார். ஒருமுறை குளியலறையில் விழுந்தும்விட்டார். அண்ணன் திரும்பிப் போகிற ஆள் இல்லை. நான்தான் மகளோடு போய் அப்பாவைப் பார்த்துக்கொள்வது, கணவர் பின்னால் வந்து சேர்வது என்று முடிவானது. அதற்கு மகளும் மலேசியக் குடிமகளாக வேண்டும். இல்லாவிட்டால் தாத்தா வீட்டில் அவள் சுற்றுலாப் பயணி.

வெலிங்டனிலிருந்து மலேசியத் தூதரக அதிகாரிகள் வந்து ஒரு மண்டபத்தில் மேசை போட்டிருந்தார்கள். அண்ணனும் நானும் குழந்தைகளோடு ஒரே காரில் போனோம். அண்ணன் மகளுக்கு இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. என் ஃபைலைத் திறந்த தமிழ் அதிகாரி, தகப்பன் பெயரில் விரலை வைத்து நிறுத்தினார். என் கணவர் இலங்கையில் மன்னாரில் பிறந்து நியூசிலாந்துக் குடிமகன் ஆனவர்.

"அப்பா மலேசியரா இருந்தா இப்பவே போட்ருவேன் சிஸ்டர். அரசியலமைப்புல அப்பான்னுதான் இருக்கு. அம்மான்னு இல்ல."

இதற்கென்றே ஒரு தாள் வைத்திருந்தேன். உலக நாடுகள் சேர்ந்து எழுதிய பெண்கள் உரிமை உடன்படிக்கை. அதன் ஒன்பதாம் பிரிவு, பிள்ளையின் குடியுரிமையில் தாய்க்கும் தகப்பனுக்கும் சம உரிமை என்கிறது. சேர்ந்த நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் இருந்தது. மஞ்சள் மையால் கோடு போட்டு வைத்திருந்ததை நீட்டினேன். அவர் பொறுமையாகப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"நமக்கு அரசியலமைப்புதான் மேல சிஸ்டர். வேணும்னா மேலிடத்துக்கு மனு போடுங்க."

போட்டேன். வெளியே வந்ததும் அண்ணன் சாவகாசமாகச் சொன்னான்: "அம்மா பக்கம் செல்லாது லா. எனக்கு முன்னாடியே தெரியும். கேட்டா நீ வருத்தப்படுவியேன்னுதான் சொல்லல."

ஊருக்கே திரும்பாதவன், "சும்மா இருக்கட்டும்" என்று பிள்ளைக்குக் குடியுரிமை வாங்கி வைத்துக்கொண்டான். நான் காரில் ஏறாமல் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்தேன். மகள் பள்ளிக்கூடம் சேரும் வயதில் பதில் வந்தது. நிராகரிக்கப்பட்டது என்று ஒரே வரி, காரணம் இல்லை. மறுநாள் ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை பார்த்த கிடங்கின் அலுவலகத்தில், சாப்பாட்டு நேரத்தில் அந்த உடன்படிக்கையை மறுபடி திறந்தேன். நாடுகளின் பட்டியலுக்குப் பின்னால் இன்னொரு பக்கம் இருந்தது. எந்த நாடு எதை ஏற்கவில்லை என்ற பக்கம். சேரும்போதே அரசியலமைப்பைக் காரணம் காட்டி, சில பிரிவுகளுக்குத் தான் கட்டுப்படமாட்டேன் என்று மலேசியா எழுதிக் கொடுத்திருந்தது. அதில் ஒன்பதாம் பிரிவும் இருந்தது. உலகத்தின் முன்னால் கையெழுத்து. எனக்கு வேண்டிய இடத்தில் மட்டும் இல்லை. இத்தனை வருடம் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்து, கோடு வேறு போட்டுக்கொண்டு அலைந்திருக்கிறேன். என்னை நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்று அங்கேயே அழுதேன்.

"நீர் அப்பாவோட ஒருக்காக் கதையும். அவருக்கு விளங்கும்" என்றார் கணவர்.

எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. அப்பா தொழிற்சங்கத்தில் முப்பது வருடம் சம உரிமை பேசியவர். போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நாட்டைத் திட்டுவார், எனக்காகக் கத்துவார் என்று காத்திருந்தேன்.

"சட்டம் சரியாத்தானம்மா சொல்லுது," என்றார். "உம் புள்ள அவுங்க வீட்டுப் புள்ள. நம்ம வீட்டுப் புள்ளைன்னா அது அண்ணன் மகதான்."

காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

"புள்ளய அவுங்கப்பாகிட்ட விட்டுட்டு நீ மட்டும் வா. உனக்குத்தான் பாஸ்போர்ட் இருக்கே."

நாட்டின் மேல் வந்த கோபம் அப்பா மேல் வரவில்லை. அடுத்த அறையில் மகள் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணன வரச் சொல்லுங்கப்பா," என்றேன். "அவர் புள்ளைக்குத்தான் அங்க இடம் இருக்கு."

"அவனுக்கு அங்க வேலை இருக்கேம்மா."

எனக்கும் வேலை இருந்தது. காலை ஆறரைக்கு ஷிப்ட். அந்த வாரமே நியூசிலாந்துக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டேன்.