கம்பெனிக்கு என்ன கோத்திரம்?

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் புது வண்டியைக் காளிகாட் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டோம். எங்கள் வண்டி என்று நான்தான் சொல்லிக்கொண்டேன். பூக்கூடையோடு வந்த கோயில் பூசாரி, அங்கே பண்டா என்பார்கள், "யார் பெயருக்கு?" என்று கேட்டார். என் கணவர் பொய் சொல்லத் தெரியாதவர், தேவைப்படும் இடத்தில்கூட. வண்டி ஆபீஸ் மூலம் லீஸில் எடுத்தது, ஆர்.சி. லீஸ் கம்பெனியின் பெயரில் இருக்கிறது, நான்கு வருடம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் அல்லது மிச்ச விலையைக் கட்டி நாமே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மனுக்கும் கேட்கும்படி இந்தியில் விளக்கினார். பண்டா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"கம்பெனிக்கு என்ன கோத்திரம்?"

என் கணவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். கடைசியில், கோத்திரம் தெரியாதவர்களுக்கு வழக்கமாகச் சொல்கிற காசியப கோத்திரத்தைக் கம்பெனிக்குக் கொடுத்து அர்ச்சனை நடந்தது. தேங்காய் எங்களுடையது. புண்ணியம் கம்பெனிக்கு.

அன்று முதல் அந்த வண்டியில் நாங்கள் குடக்கூலிக்காரர்கள். சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கக் கூடாது. உள்ளே உட்கார்ந்து ஜால்முரி, அந்தக் காரப்பொரி, தின்னக் கூடாது. டேஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டினால் பசை அடையாளம் விழுமாம், அதனால் அவர் பேப்பர் வைக்கும் டப்பாவுக்குள் இருட்டிலேயே பயணம் செய்தார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "இது நம்ம வண்டி இல்லேடி."

மே மாத வெயிலில் அந்த பிளாஸ்டிக்கிலிருந்து எழுந்திருப்பது, காயத்திலிருந்து பிளாஸ்திரியைப் பிய்ப்பது போல. சத்தமும் அதே. டாக்குரியாவில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கும் பெங்காலிக்காரி, நான் பௌதி (அண்ணி) என்று கூப்பிடுகிறவள், ஒருநாள் ஜன்னலிலிருந்து அதைக் கேட்டுவிட்டு, "திதி, உங்க வீட்டுக்காரர் வண்டியை லீஸுக்கு எடுத்தாரா, இல்ல வண்டிதான் உங்களை லீஸுக்கு எடுத்துச்சா?" என்றாள். யாராவது இப்படி ஒன்று சொல்லிவிட்டால் எனக்கு அன்று முழுவதும் சமையலில் உப்புகூடச் சரியாக விழாது. அதையே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரண்டாவது வருடம் என் கணவரின் இடது முழங்கால் மக்கர் பண்ணியது. கரியாஹாட் நெரிசலில் நிமிடத்துக்குப் பத்து தடவை கிளட்சை மிதிக்க அவரால் முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். மூன்று வாரம் டிரைவிங் ஸ்கூல் சொல்லிக்கொடுத்தது. மிச்சத்தை மினிபஸ் கண்டக்டர்கள் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். என் அக்கா ஊரிலிருந்து வந்தபோது தனியாகப் பாலம் தாண்டி ஹவுரா ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். அவள் பெட்டியை வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"டிரைவர் எங்கேடி?"

"ஏறு. இதான் டிரைவர்."

வீடு வரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு சம்பவம் அதற்கு முன் நடந்ததில்லை.

லீஸ் முடியப்போகிறது, வாங்கிக்கொள்கிறீர்களா, திருப்பித் தருகிறீர்களா என்று போன மாதம் கடிதம் வந்தது. என் கணவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தார். ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு பெரிய வண்டி எடுத்திருக்கிறாராம். லாரிக்காரன்கூடக் குனிந்து பார்க்க வேண்டியதில்லையாம்.

"அதுல கிளட்சே கிடையாது. நானே ஓட்டிடுவேன். நீ பின்னாடி ராணி மாதிரி உக்காந்துக்கோ."

"ஏன்னா, நான் ஓட்டறேனே?"

"அவ்ளோ பெரிய வண்டியை உன்னால சமாளிக்க முடியாதுடி."

ராணி. எந்த ராணி கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறார்கள்? மறுபடியும் பின் சீட், மறுபடியும் 'எப்போ கிளம்பலாம்' என்று இன்னொருவர் முகத்தைப் பார்க்கிற பிழைப்பு. அன்று ரசத்தில் புளி இரண்டு மடங்கு.

வண்டியைத் திரும்ப எடுப்பதற்கு முன் பரிசோதிக்க ஒருவர் வருவார் என்றார்கள். என் கணவர் இரண்டு நாள் லீவு போட்டு வண்டியைக் கழுவினார். ஏசி துவாரங்களைக் காது குடைகிற பஞ்சுக்குச்சியால் துடைத்தார். கல்யாணமான நாளிலிருந்து என் தலைவலிக்கு அரைநாள் லீவு போட்டதில்லை.

வந்தவர் நடுத்தர வயது பெங்காலிக்காரர், வாயில் பான். மொபைலில் படம் எடுத்துக்கொண்டே மூன்று சுற்று வந்தார். "தாதா, இதுல யாராவது உக்காந்திருக்கீங்களா?" என்றார். "பத்து வருஷமா இந்த வேலை பாக்கிறேன். இப்படி ஒரு வண்டி திரும்பி வந்ததே இல்லை." என் கணவருக்குப் பத்ம விருது கிடைத்த முகம்.

நான் டீயும் இரண்டு சந்தேஷ் ஸ்வீட்டும் கொண்டுவந்து வைத்து, சும்மா ஒரு கேள்வி கேட்டேன்.

"இது இனிமே எங்கே போகும்?"

"யார் வாங்கறாங்களோ அங்கே, மாசிமா. போன வாரம் இதே மாதிரி ஒண்ணு, ஒரு மீன் வியாபாரி எடுத்தார். விடியக்காலைல ஹவுரா மார்க்கெட்லேர்ந்து கூடை கூடையா ஹில்சா."

என் கணவரின் டீக் கோப்பை பாதியில் நின்றது. "டிக்கியிலதானே?"

"டிக்கி எங்கே பத்தும்? பின் சீட்டுலதான். இதுல பாருங்க, பிளாஸ்டிக்கே இருக்கு. அந்த மாதிரி ஆளுங்களுக்கு ரொம்ப வசதியா இருக்கும்."

சத்தியமாகச் சொல்கிறேன், இதை நான் ஏற்பாடு செய்யவில்லை. சந்தேஷ் மட்டும்தான் என்னுடையது.

அன்று மாலை என் கணவர் பால்கனியில் நின்று கீழே வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு வருடம் முறுக்கு வாசனைகூடப் படாமல் வளர்த்தது. காபி கொடுக்கப் போனபோது, என்னைப் பார்க்காமலே, "வாங்கிண்டுடலாம்னு தோணறது" என்றார்.

"உங்க முழங்கால்?"

"அதான் நீ ஓட்டறயே."

இந்த மூன்று வார்த்தை வாங்குவதற்கு ஒரு ஹில்சா தேவைப்பட்டது.

புது ஆர்.சி. அவர் பெயரில் வந்த அன்றே நான் கத்தரிக்கோலோடு கீழே இறங்கினேன். பின்னாலேயே ஓடிவந்தார். "கிழிக்காதேடி! இப்போ நம்ம வண்டி!" கம்பெனி வண்டி என்பதால் கிழிக்கக் கூடாதென்றது போய், நம் வண்டி என்பதால் கிழிக்கக் கூடாது. கீழ் வீட்டு ஜன்னல் திறந்தது. "லீஸ் முடியலையா திதி?" என்றாள் பௌதி. டிரைவர் சீட் உறையை மட்டும் ஒரே இழுப்பில் கிழித்தேன். மற்றதெல்லாம் அவர் இஷ்டம்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் காளிகாட். அதே பண்டாவா என்று தெரியாது, கேள்வி அதேதான்: "யார் பெயருக்கு?"

என் கணவர் அப்போதுதான் பக்கத்து சீட்டிலிருந்து தன்னைப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், கொஞ்சம் நேரம் பிடிக்கும். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் பெயரைச் சொன்னேன்.

"கோத்திரம்?"

பின்னாலிருந்து அவர் அவசரமாகக் கத்திச் சொன்னார். அவருடையதுதான். போகட்டும், அதுவாவது அவருடையதாக இருக்கட்டும்.