அணைக்கட்டுப் பூங்காவில் நான் சிலையான கதை

கல்யாணமான புதிதில் நான் ஒரு நாள் சிலையாக இருந்திருக்கிறேன், தெரியுமா உங்களுக்கு?

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என் வீட்டுக்காரருக்குச் சிங்காநல்லூரில் மில் வேலை. பேரூர் கோயில் சிற்பங்களைப் பார்த்து மயங்கிப்போனவர், ஒரு காமிராவை வாங்கிக்கொண்டு, பெண்டாட்டியைச் சிலை மாதிரியே படம் எடுப்பது என்று முடிவு கட்டிவிட்டார்!

(என் சம்மதமா? கல்லிடம் யார் கேட்பார்கள்!)

கோபிசெட்டிபாளையம் பக்கம் ஓர் அணைக்கட்டுப் பூங்காவுக்குப் போனோம்.

ஒரு காலத்தில் சினிமா டூயட் எடுத்த இடமாம். நாங்கள் போனபோது நீரூற்றுத் தொட்டிக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. 'பூக்களைப் பறிக்காதீர்' என்று ஒரு பலகை. பறிக்க ஒரு பூ வேண்டுமே!

அம்மா என்னிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். மாப்பிள்ளையும் நானும் சேர்ந்திருக்கிற ஒரு போட்டோ. மகள் சந்தோஷமாக இருக்கிறாளா என்று அதைப் பார்த்தால்தான் அம்மாவுக்கு நிம்மதி.

"செருப்பக் கழட்டு அம்மணி. எந்தச் செல செருப்புப் போட்டிருக்குது?"

கழற்றினேன்.

"இடுப்ப இன்னுங் கொஞ்சம் ஒடி."

"இதுக்கு மேல ஒடிச்சா ஆசுபத்திரிக்குத்தானுங்க போகோணும்!"

மரக்கிளையைப் பிடித்த சிலை, கண்ணாடி பார்க்கும் சிலை, கிளியோடு பேசும் சிலை (வந்தது காக்கா). ஃபிலிம் ரோல் முழுக்க நான் மட்டுமே! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏனுங்க, அம்மாளுக்கு ஒரு ஜோடிப் போட்டோ..."

"கடைசி ஃபிலிம் அதுக்குத்தான் அம்மணி."

பூங்கா வாட்ச்மேனிடம் காமிராவைக் கொடுத்து, அமுக்க வேண்டிய பட்டனையும் காட்டிவிட்டுப் போய் நின்றுகொண்டார். அவர் பக்கத்தில் நிற்கப் போனவள் மிதித்தேன் நெருஞ்சி முள்ளை!

ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு அலறினேன். இவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

"அப்படியே நில்லு! கால்ல முள்ளுக் குத்துன செல! அண்ணா, காமிராவக் குடுங்க!"

"மொதல்ல முள்ள எடுக்கறீங்களா, நா தனியா பஸ் ஏறட்டுங்களா?"

என் குரலில் என்ன தெரிந்ததோ, மனிதர் சட்டென்று மண்டியிட்டு என் பாதத்தைத் தூக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

கிளிக்!

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டீங்கங்க!" என்றார் வாட்ச்மேன், பரம திருப்தியாக.

வேறு வழியில்லாமல் அந்தப் படத்தைத்தான் அம்மாவிடம் கொடுத்தேன்.

"தங்கமான மாப்பிள்ள கண்ணு!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் காட்டினார்!

தீபாவளிக்குப் போனோம். என் சித்தப்பாக்கள் எல்லோரும் சேர்ந்து இவரை வாசலிலேயே மடக்கிவிட்டார்கள்.

"ஏனுங் மாப்பிள்ள, நீங்க பாட்டுக்குப் போட்டோவுக்கு மண்டி போட்டுட்டுப் போயிட்டீங்க. எங்கூட்டுல இப்ப முள்ளே இல்லாமக் கால நீட்டறாங்களே!"