கூட நடந்த தூரம்

பிரிக்பீல்ட்ஸில் மழை பெய்த ஒரு மதியம். கடைவீட்டு மாடியில் இருந்த எங்கள் பெண்கள் சங்கத்துக்கு, ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி கிள்ளானிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். நனைந்த குடை அவள் காலடியில் மெல்ல வடிந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசி ஆண்டுகள் அவை.

எச்.ஐ.வி. பற்றி நாங்கள் துண்டறிக்கை கொடுப்போம். நாலு தெரு தள்ளி, தேவாலயத்தை ஒட்டிய சிறு கிளினிக்கில் இரத்தம் சோதிப்பார்கள். சாலாக் செலாத்தானில், போதையை விட்டவர்கள் சேர்ந்து நடத்திய வீட்டில், ஊசியால் தொற்றியவர்கள் தங்கியிருந்தார்கள். உதவி தேடி வருபவர்களை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கடிதம் கொடுத்து அனுப்புவோம். போனவர்கள் பலர் போய்ச் சேர்ந்ததே இல்லை. வழியிலேயே மழையில் கரைந்துவிட்டதைப் போலிருக்கும்.

கிளினிக் தாதியை எல்லோரும் மிஸ்ஸி என்றே அழைப்போம். ஒரு சனிக்கிழமை மூன்று இடத்தாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். “கடுதாசி மட்டும் போதாது லா. அவங்க கூட நடந்து வந்து விடுங்க. நான் வாசல்ல நிப்பேன்” என்றார்.

அதன்பின் முதலில் வந்தவள் இந்தக் கிள்ளான் பெண்தான். கணவன் சாலாக் செலாத்தான் வீட்டில் இருந்தான். தனக்கு நோய் இருப்பதை அவனே மனைவியிடம் சொல்லும்வரை, அந்த வீட்டை நடத்திய, எல்லோரும் அண்ணன் என்றழைத்தவர், வாரக்கணக்கில் அவனோடு பேசியிருந்தார். தொலைபேசியில் என்னிடம், “தங்கச்சி பயந்திருக்கு. ஒண்ணும் கேக்காதீங்க, கூட்டிட்டு மட்டும் போங்க” என்றார்.

ஒரே குடையில் நடந்தோம். பூக்கடை அருகே அவள் நின்றுவிட்டாள். “அக்கா, நான் வீட்டுக்கே போறேன்.” நானும் நின்றேன். மல்லிகை வாசமும் மழையும் எங்களைச் சுற்றி ஒரு திரைபோல் கிடந்தன. பிறகு அவளே, “இன்னும் எவ்ளோ தூரம்?” என்று கேட்டாள். தெருமுனை திரும்பியபோது, சொன்னபடியே வாசலில் வெள்ளைச் சீருடை தெரிந்தது.

அவளுக்கும் தொற்றியிருந்தது. மிஸ்ஸி அவளைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். குழந்தைக்குத் தொற்றாமலிருக்கப் பிரசவம்வரை மாத்திரை, பிறந்தபின் புட்டிப்பால். பெண் குழந்தை. ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனையிலும் நோய் இல்லை என்றார்கள். அன்று மூன்று இடத்தாரும் எங்கள் மாடியில் கூடினோம். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். மிஸ்ஸி மட்டும், “புள்ள நல்லாருக்கு, சந்தோசம். அம்மாவ யாரு போய்ப் பாத்தீங்க?” என்றார். மாதக்கணக்கில் நாங்கள் குழந்தையைப் பற்றியே விசாரித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது அந்தக் கடைவீடு இருந்த இடத்தில் ஓர் உயரமான கட்டடம் நிற்கிறது. மிஸ்ஸியும் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் காலை மிஸ்ஸியும் நானும் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனது மட்டும் இன்னும் கனவில் வருகிறது. அவள் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் பழக்கத்தில், “பாப்பா தூங்குது மிஸ்ஸி” என்றாள்.

“தூங்கட்டும்மா. நாங்க ஒன்னயத்தான் பாக்க வந்தோம்.”