வாய் திறந்திருந்த பிள்ளைக்கு நான் ஒட்டிய நட்சத்திரம்

பள்ளிக்கூடத்துப் பல் கிளினிக் வேலை என்பது, விடிந்தால் பொழுதுபட்டால் "வாயைத் திற மகள், வாயைத் திற மகன்" என்று கெஞ்சுகிற வேலை. செய்து பழகிய வேலையே கண்ணை மறைத்துவிட்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் வெட்கத்தை நான் விளக்கத் தேவையில்லை.

கெட்டிக்காரி

வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கிற கண்ணாடிக் கரண்டியைக் கண்டதும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாம் உதட்டைப் பூட்டிக்கொள்ளும். மின்ஹா மட்டும் கதிரையில் ஏறும்போதே வாயைத் திறந்தபடிதான் வந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதையா நான் பார்த்தேன்? வேலை சுகமாக முடிந்த சந்தோஷத்தில், "இவளைப் பாருங்க, என்ன கெட்டிக்காரி!" என்று சட்டையில் நட்சத்திரம் ஒட்டிவிட்டேன். அவள் சொன்ன பதிலுக்குச் சிரித்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன். அவள் சொன்னது இதுதான்:

"மூடினா மூச்சு முட்டுது மிஸ்."

வேப்பெண்ணெய்

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது அவளுடைய மேல்வரிசைப் பல் முன்னுக்குத் தள்ளியிருந்தது. விரல் சூப்புகிறாள் என்று நானே தீர்ப்பு எழுதினேன். மருதமுனையில் கைத்தறி நெய்கிற அவளுடைய உம்மாவைக் கூப்பிட்டு, பெருவிரலில் வேப்பெண்ணெய் பூசச் சொன்னேன். பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து உம்மா திரும்பி வந்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொரு நாளும் பூசின மிஸ். இவள் ஒருநாளும் விரல் சூப்பினதே இல்லயாம். மிஸ் ஏசுவாங்க எண்டு பயத்தில சொல்லாம இருந்திருக்காள்."

டொக்டர் பார்த்தது

அதற்குப் பிறகுதான் பிள்ளையையும் உம்மாவையும் பெரிய ஆஸ்பத்திரிப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பல்லைத் தொடவில்லை. உதட்டை மூடி மூக்கால் மூச்சுவிடச் சொன்னார். நாலு மூச்சுக்குள் பிள்ளை திணறி வாயைத் திறந்தாள். குறட்டை விடுவாளா என்று கேட்டார். "ஓம், வாப்பாவப் போல" என்றார் உம்மா. வகுப்பில் தூங்கி விழுவாளா? அதற்கும் ஓம்.

மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்து வழியை அடைத்திருக்கலாம் என்றார். வருடக்கணக்காக வாயால் மூச்சுவிட்டால் மேல்தாடை ஒடுங்கி, முகம் நீண்டு வளரக்கூடும், இனியும் பிந்தக்கூடாது என்று மூக்கு டொக்டருக்குக் கடிதம் எழுதினார். பிறகு என் கையெழுத்திலிருந்த அவளுடைய இரண்டு வருடப் பல் அட்டையைப் புரட்டினார். எனக்குத் தலை நிமிரவில்லை.

"பல்லு ஒண்டும் விடாம எழுதியிரிக்கீங்க மிஸ். புள்ளயத்தான் எழுதல்ல."

துவாய்

சதையை எடுத்துவிட்டார்கள். இப்போது மின்ஹா வாயை மூடித் தூங்குகிறாள். ஒடுங்கின தாடையை விரிக்கத் தகடு போட வேண்டும். அது எவ்வளவுக்குச் சரிவரும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. உம்மா தான் நெய்த துவாய் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். வாங்கக் கை கூசியது. என்னால்தான் இரண்டு வருடம் போனது, மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் அழத் தொடங்கினார்.

"வாய மூடு, வாய மூடு எண்டு நான் அந்தப் புள்ளக்கி அடிச்சிரிக்கன் மிஸ். நீங்களாவது அடிக்கல்ல."

பிள்ளைகளின் முகத்தில் மூக்கு என்றும் ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினெட்டு வருடச் சேவையும் ஒரு பிள்ளையின் இரண்டு வருட மூச்சும் செலவாகியிருக்கிறது.