இரண்டு கோடுகளுக்கு நடுவில்

வேங்கிக்காலில் நான் கிளினிக் வைத்த மூன்றாம் வருடம் ஒரு தையல்காரர் மனைவியோடு வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினார். இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து வலது குதிகால் வரை சுண்டியிழுக்கும் வலி. முதுகெலும்பு ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவது ஸ்கேனில் தெரிந்தது. வேறு ஊர் டாக்டர் ஒருவர் ஆபரேஷன் செய்யச் சொல்லியிருந்தார்.

"முதுகுல கத்தி வெச்சா கால் வராம போயிடும்னு எங்க அண்ணன் சொல்றாருங்க" என்றார் மனைவி.

பரிசோதித்தேன். காலில் பலம் குறையவில்லை, சிறுநீர் போவதிலும் கோளாறு இல்லை. அவசரம் ஏதுமில்லை என்று அர்த்தம்.

நான் படித்திருந்த ஆய்வுகள் சொன்னதைத் தாளில் இரண்டு கோடுகளாக வரைந்தேன். ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் வலி சீக்கிரம் இறங்குகிறது. மாத்திரையும் பயிற்சியுமாகக் காத்திருப்பவர்களுக்கு மெதுவாக இறங்குகிறது. ஒரு வருடம் போனால் இரண்டு கோடும் கிட்டத்தட்டச் சேர்ந்துவிடுகின்றன. கால் வராமல் போவது மிக அரிது. மரத்துப்போவதும், சீழ் பிடிப்பதும், மறுபடி பிதுங்குவதும் சிலருக்கு உண்டு. காத்திருப்பவர்களிலும் சிலர் தாங்காமல் கடைசியில் ஆபரேஷனுக்கே போகிறார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆனால் பேசி முடிக்கும்வரை என் விரல் கோடுகள் சேரும் இடத்திலேயே இருந்தது. அவர் காத்திருப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கோடுகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைத் தொட்டார்.

"இங்க ரெண்டும் தள்ளித்தள்ளி இருக்குதேம்மா. இந்த ஒரு வருஷம் யாருதுங்க?"

நான் விரலைத் தாளிலிருந்து எடுத்தேன்.

"மிஷின்ல பத்து நிமிஷத்துக்கு ஜாஸ்தி உட்கார முடியல. தொழுகையில நெத்தி தரைக்குப் போகல, நாற்காலி போட்டுக்கிறேன். கடைசியில சரியாயிடும்னு சொல்றீங்க, சரி. அதுவரைக்கும் இந்தக் காலோட நான்தானேங்க இருக்கணும்?"

"அண்ணனுக்கு என்ன சொல்றது?" என்று மனைவி கேட்டார்.

"இந்தப் பேப்பரக் காட்டலாம்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுமாதம் ஆபரேஷன் நடந்தது. ஆறு வாரம் கழித்து வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். கால்வலி போயிருந்தது, பாதத்தின் ஓரம் மட்டும் மரத்திருந்தது. செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை என்றார். வருத்தமா என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதானேம்மா பண்ணிக்கிட்டேன்."

சில மாதங்களுக்குப் பிறகு கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஏறக்குறைய அதே ஸ்கேனுடன் வந்தார். தாளை எடுக்கும் முன் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டேன். நின்றே பாடம் நடத்துவதால் சமாளிக்க முடிகிறது, கத்திதான் பயம் என்றார். பிறகு கோடுகளை வரைந்தேன். அவர் காத்திருந்தார். ஏழெட்டு மாதத்தில் வலி அடங்கியது.