பிணமில்லாத வீட்டில் ஒரு பாட்டு

உங்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று தெருவில் நின்று மாரடித்துப் பாடினாளே, அவள் பெயர் என்ன என்று கேட்டீர்களா?

கெடார் சேரியில் தையல்நாயகி என்று ஒருத்தி இருந்தாள். நடவும் களையெடுப்பும் அவள் பிழைப்பு. ஊரில் யார் செத்தாலும் முதல் ஆள் அவளைத் தேடித்தான் ஓடும். குடியானவர் வீட்டுப் பிணமானால் தெருவோடு நின்று பாடவேண்டும். வாசற்படி மிதிக்கக் கூடாது. செத்தவர் எந்த மாட்டுக்குச் செல்லப்பெயர் வைத்திருந்தார் என்பதுவரை அவள் பாட்டில் வந்துவிடும். தன் புருஷன் செத்தபோது அவள் பாடியதைக் கேட்டு, பறையடித்தவர்களே கையை நிறுத்திவிட்டார்கள்:

நாத்து நட்ட சேறு உங்க நகத்துலதான் காயலியே
காத்திருந்த கஞ்சிப்பானை கண்ணெதிரே ஆறுதய்யா

இதை எழுதிவைக்க ஆசைப்பட்டவன் கண்ணையன். கெடார்க் குடியானவர் வீட்டுப் பிள்ளை. விழுப்புரம் ரயிலடியில் பார்சல் கிளார்க். வண்டியில் யாரோ விட்டுப்போன ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில், வேல்ஸ் என்னும் சின்ன நாட்டில் ஊர் ஊராகப் போய் ஏழைகளின் பாட்டைச் சேகரிக்கச் சங்கமே இருப்பதாகப் படித்தான். நமக்கு ஏன் இல்லை என்று கேட்டான். நல்ல கேள்விதான்.

1937 ஐப்பசியில் அடைமழை. வெளியில் உட்கார்ந்து எழுத வழியில்லாததால், தன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்கு அவளை வரச்சொன்னான். அவள் தயங்கினாள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவது வழக்கமில்லை. பாடிப் பழகுகிறவர்கள்கூட வயல்வெளிக்குத்தான் போவார்கள்.

"பொணம் இல்லாத எடத்துல பாடுனா, சாவு வழி கேட்டுக்கினு வந்துடும்பாங்க, ஆண்டே."

கண்ணையன் சிரித்தான். "வந்தா என்னைக் கேக்கச் சொல்லு. நான் பதில் சொல்லிக்கிறேன்."

ஆண்டை சொன்ன பிறகு பண்ணையாள் மறுப்பது எங்கே? பாடினாள்.

மாதக் கடைசியில் கண்ணையனின் அண்ணி கெங்கம்மாள் வாந்திபேதியில் செத்தாள். தையல்நாயகிக்கு ஆள் வந்தது. தொண்டை கட்டும்வரை தெருவில் நின்று பாடினாள். அதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. கருமாதி முடிந்த பிறகுதான் களத்துமேட்டில் ஊர் கூடியது. வேலையை வாங்கிக்கொண்டு பழியைப் போடுவதில் நம்மவர்களுக்கு நிகர் யார்?

செத்தவளின் புருஷன் வெங்கடாசலம் கேட்டான்: "யாரைக் கேட்டுடி எங்க வூட்டுல ஒப்பாரி வெச்ச?"

அவள் கண்ணையன் பக்கம் திரும்பினாள்.

"கேக்குறாங்க, ஆண்டே. சொல்லுங்க."

கண்ணையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரியும். மழையில் எருக்குழி பொங்கி வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவன் அவன். அதே சமயம் முகையூர்ப் பக்கமும் வாந்திபேதிதான். அங்கே எந்தத் தையல்நாயகி போய்ப் பாடினாள்? இதைச் சொல்ல ஒரு வாய் போதும். அந்த வாய் திறக்கவில்லை. இனி அவளுக்கு யாரும் வேலை தரக் கூடாது, குடிசையும் இருக்கக் கூடாது என்று ஊர் முடிவு செய்தது.

மகள் பொன்னியைக் கூட்டிக்கொண்டு அவள் திண்டிவனம் போனாள். அங்கே மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை மண்டியில் தோல் உரிக்கும் வேலை. பொன்னிக்கு அங்கேயே ஒரு மூட்டை தூக்குபவனோடு கல்யாணம் நடந்தது. 1943இல் ஒரு பெண்குழந்தையைப் பெற்றுப் போட்டுவிட்டு, பொன்னி பிரசவத்திலேயே செத்தாள்.

பக்கத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தையல்நாயகி தொடங்கக் காத்திருந்தார்கள். அவள் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். உள்ளே பச்சைக் குழந்தை இருந்தது. தன் குரல்தான் கெங்கம்மாளைக் கொண்டுபோயிற்று என்று ஊர் சொன்னதை அவளும் நம்பியிருந்தாள். ஊரார் பிணத்துக்கெல்லாம் பாடியவளின் மகள் ஒரு வரிப் பாட்டில்லாமல் மண்ணுக்குள் போனாள். குடிசையைப் பிடுங்கியதைவிட இதுதான் பெரிய கொடுமை என்பேன்.

1946இல் கண்ணையனின் புத்தகம் வந்தது. அழியவிருந்த செல்வத்தைக் காத்துவிட்டதாக முன்னுரையில் பெருமைப்பட்டிருந்தான். அந்தப் பாட்டின் அடியில் 'கெடாரில் கேட்டது' என்று மட்டும் போட்டிருந்தான். மனம் உறுத்தியதோ என்னவோ, ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு திண்டிவனம் போனான். மண்டி வாசலில் அவள் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பேத்தி தோலைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தைப் பிரித்து, இது உன் பாட்டு என்று வாசிக்கத் தொடங்கினான்.

அவள் எழுந்து குழந்தையின் காதுகளைப் பொத்தினாள்.

"மூடுங்க, ஆண்டே. புள்ள இருக்குது."

அவன் மூடிக்கொண்டு போனான். அப்போதாவது, கெங்கம்மாளைக் கொன்றது கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளும் போய்ச் சேர்ந்தாள். அவளுக்குப் பாட ஆளில்லை.

படிக்கிறவரே, ஒரு காரியம் செய்யுங்கள். பட்டப்பகலில், பிள்ளைகள் ஓடியாடும் உங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று, மேலே உள்ள இரண்டு அடிகளையும் உரக்கப் பாடுங்கள். கட்டியவள் கெடார் தையல்நாயகி என்று முதலில் சொல்லிவிட்டுப் பாடுங்கள். யாரைக் கேட்டுப் பாடினீர்கள் என்று அக்கம்பக்கத்தார் கேட்க வருவார்கள். தலை குனியாமல் பதில் சொல்லுங்கள்.