காட்டில் தனியே உட்காரும் வகுப்பு

இங்கே மாசசூசெட்ஸில் என் மகள் போகும் பாலர் பள்ளியில், வியாழக்கிழமைதோறும் பிள்ளைகளைப் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போய் ஆளுக்கொரு மரத்தடியில் தனித்தனியே உட்கார வைக்கிறார்கள். பேசக்கூடாது, விளையாடக்கூடாது. என் மகளுக்கு ஐந்து வயது. அதில் அவள் என்ன கற்பாள் என்று கேட்டேன். அதை அவள்தான் சொல்ல வேண்டும் என்றார் ஆசிரியை. நான் குறை சொல்வதாக அவர் நினைத்துவிட்டார் போல.

இயற்கையில் தனியே இருந்து கற்பது என்ற எண்ணம் எனக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் எம்.ஏ. ஆங்கிலம் படித்தபோது டிரான்சென்டென்டலிசம் தேர்வுக்கு முக்கியமான பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மாசசூசெட்ஸ் பக்கத்து எழுத்தாளர்கள் சிலர் தொடங்கிய இயக்கம். உண்மை ஒவ்வொருவர் உள்ளுணர்விலும் இருக்கிறது, அதை அறியச் சபையோ கூட்டமோ வேண்டாம், இயற்கையின் முன் தனியே இருந்தால் போதும் என்றார்கள். எங்கள் ஊர் செட்டியார்பட்டியிலிருந்து கல்லூரிக்குப் போகும் பஸ் நெரிசலில் கம்பியைப் பிடித்தபடி மனப்பாடம் செய்தேன். தனிமையைப் பற்றி எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒரு பொழுதுகூடத் தனியே இருந்தவளில்லை நான். எங்களுக்குக் காடென்றால் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு. வேன் பிடித்து, புளியோதரை கட்டிக்கொண்டு, சித்தி வீடு மாமா வீடு எல்லாரும் போவோம். ஒருவர் கொஞ்சம் விலகிப் போனாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

போனில் அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. “ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? பச்சப்பிள்ளைய காட்டுல ஒத்தையில உக்கார வைக்கவா அம்புட்டு தூரம் போனீய?”

பள்ளி கேட்ட அனுமதியை மறுத்தால், மற்றவர்கள் காட்டுக்குப் போகும் நேரம் மகள் மட்டும் வகுப்பில் இருப்பாள். சம்மதித்து ஏதாவது ஆகிவிட்டால்? கணவர் முடிவை என்னிடமே விட்டார். சம்மதித்தேன். ஆனாலும் முதல் வியாழனன்று, எல்லாருக்குமாகப் புளியோதரை கிண்டி எடுத்துக்கொண்டு நானும் போய் நின்றேன். காட்டுக்கு வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது. நானும் உட்கார வந்திருக்கிறேன் என்று எண்ணி, ஆசிரியை மகிழ்ச்சியோடு ஒரு பாய்த்துண்டைக் கொடுத்து மேப்பிள் மரமொன்றைக் காட்டினார். மறுக்கத் தெரியாமல் உட்கார்ந்தேன். அங்கிருந்து மகள் தெரியவில்லை. உண்ணி கடிக்குமோ, அழுகிறாளோ, அழுதால் கேட்குமோ என்பதைத் தவிர என் உள்ளுணர்வு எதுவும் சொல்லவில்லை.

மணி அடித்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவள் வரவில்லை. விழுந்தடித்து ஓடினேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு மரப்பட்டையில் ஏறும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்துவிட்டாயா என்று கேட்டேன். திரும்பாமலே இல்லையென்று தலையாட்டினாள்.

“நீ போம்மா. நா இன்னும் செத்த நேரம் இருந்துட்டு வாரேன்.”

என் அம்மாவிடம் போனில் பேசிப் பேசி அவள் பழகிய பேச்சு. அந்தப் பேச்சில் ஒருவர் தன்னைத் தனியே விடச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆசிரியை தூரத்திலிருந்து ‘இருக்கட்டும்’ என்பதுபோலக் கைகாட்டினார். பின்னோக்கி நடந்து, என் நிழல் அவள்மேல் விழாத இடத்துக்கு வந்தேன். ஒருபக்கம் மற்றப் பிள்ளைகளின் சத்தம், மறுபக்கம் அவளுடைய முதுகு. அவள் பெயர் வாய்வரை வந்தது. கூப்பிடாமல் நின்றேன்.